மடக்கு மின்சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் தூக்கிப் பாருங்கள்

மின்சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” என்பதைத்தான். ஊருக்குள் ஓட்ட அந்தக் கேள்வி போதும். ஆள் நடமாட்டம் குறைந்த, அடுத்த பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதென்றே தெரியாத பாதைகளுக்குப் போகிறவர்கள் வேறு இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும். பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் நின்றுவிட்டது. இந்த வண்டியை இப்போது என்னால் மிதிக்க முடியுமா? மிதிக்க வழியில்லாத இடத்தில் தூக்க முடியுமா?

வேகம், திரை, விளக்கு, நிறம் எல்லாவற்றையும் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மடக்கு மின்சைக்கிள் என்பது சட்டத்தின் நடுவிலும் ஹேண்டில்பார் தண்டிலும் கீல் வைத்த, சின்னச் சக்கரச் சைக்கிள். சக்கரங்கள் பெரும்பாலும் 14 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். சக்கரத்தின் நடுவில் ஒரு சிறிய மோட்டார், சட்டத்துக்குள்ளோ சீட்டுக்குக் கீழேயோ முன்பக்கப் பையிலோ ஒரு லித்தியம் பேட்டரி. அவ்வளவுதான். தொலைவான இடங்களுக்குப் போகும்போது வழி முழுவதையும் சைக்கிளிலேயே கடப்பவர்கள் குறைவு. ரயிலில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம், படகில் கொஞ்சம், யாராவது ஒருவரின் வண்டிப் பின்பக்கத்தில் கொஞ்சம் என்று போய், வாகனம் எதுவும் கிடைக்காத கடைசி 20, 30 கிலோமீட்டருக்குத்தான் சைக்கிள் தேவைப்படும். மடக்கு வண்டியின் இடம் அதுதான். வாரக்கணக்கில் சைக்கிளை மட்டுமே நம்பி, இறங்காமல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மடக்காத, பெரிய சக்கர வண்டியே உங்களுக்கு நல்லது.

எடை

மோட்டார் இல்லாத நல்ல மடக்கு சைக்கிள் 10 முதல் 12 கிலோ இருக்கும். எடை குறைவானது என்று சொல்லத்தக்க மடக்கு மின்சைக்கிள் 13 முதல் 17 கிலோ. கடைகளில் அதிகம் பார்ப்பது 18 முதல் 25 கிலோ வரை. கரடுமுரடான பாதைக்கென்று விற்கப்படும் தடித்த டயர் வண்டிகள் 30 கிலோவைத் தொடும். அவையும் மடங்கும். ஆனால் மடக்கிய பிறகு தூக்க இன்னொரு ஆள் வேண்டும். தனியாகப் பயணம் போகிறவருக்கு 17 கிலோவை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இரவல் வாங்கிய 23 கிலோ வண்டியோடு ஒருமுறை ரயில் நிலைய நடைமேம்பாலம் ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முதல் பத்துப் படி எளிதாகத்தான் இருந்தது. அப்புறம், மடக்கிய இரண்டு சக்கரங்களையும் பிடித்து வைத்திருந்த காந்தம் விட்டுக்கொண்டது. முன்சக்கரம் திரும்பி வந்து முழங்காலில் அடித்தது. செயின் கிரீஸ் கால்சட்டையில் அப்பியது. கீழே வைத்து, மறுபடி மடக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினேன். அன்றைக்குப் புரிந்தது: எடையைப் போலவே முக்கியம், மடக்கிய வண்டி ஒரே கட்டாக நிற்கிறதா, பிடித்துத் தூக்க வசதியான இடம் இருக்கிறதா என்பது. காந்தத்தை மட்டும் நம்பும் வண்டியானால் ஒரு வெல்க்ரோ பட்டையை வாங்கிச் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மடக்கியபின் தரையில் உருட்டிச் செல்ல முடிகிற வண்டி கிடைத்தால் அது பெரிய வரம்.

அட்டையில் அச்சிட்ட எடையை அப்படியே நம்ப வேண்டாம். பல நேரம் அது பேட்டரி இல்லாத எடை; மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு ஆகியவையும் அதில் சேர்ந்திருக்காது. பேட்டரி மட்டுமே 2 முதல் 3 கிலோ வரும். உடல் எடை பார்க்கும் மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் நில்லுங்கள், பிறகு வண்டியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். உண்மை தெரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றி முதுகுப் பையில் போட்டுக்கொள்ள முடிகிற வண்டியில் சுமை இரண்டாகப் பிரிவதால் படியேறுவது எளிதாகும்.

பேட்டரிக் கணக்கு

புதியவர்களைக் குழப்புவது பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்கள். வோல்ட் என்று ஒன்று, ஆம்பியர்-ஹவர் என்று ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வாட்-ஹவர். அதுதான் பேட்டரிக்குள் உள்ள மொத்தச் சக்தி. தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு போல. 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 360 வாட்-ஹவர். 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 240 தான். இரண்டையும் ‘10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி’ என்றே சொல்லி விற்கலாம். ஆகவே வாட்-ஹவர் எவ்வளவு என்று கேளுங்கள்.

சரி, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவாகும்? நல்ல சாலையில், நீங்களும் சேர்ந்து மிதித்தால் 5 முதல் 8 வாட்-ஹவர். மிதிக்காமல் த்ராட்டிலைத் திருகி மோட்டாரை மட்டும் ஓடவிட்டால் 10 முதல் 15. சரளைக் கற்களும் சுமையும் எதிர்காற்றும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். வேகம் இதில் பெரிய பங்கு எடுக்கிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போவதைவிட 25 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்று எதிர்த்துத் தள்ளும் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பேட்டரி குறைகிறதென்று தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது.

மேடு தனிக் கணக்கு. நீங்கள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏறினால், அந்த எடையை மேலே கொண்டுபோக மட்டும் 27 வாட்-ஹவர் வேண்டும். மோட்டார் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் 35 முதல் 40 வரை. பாதி பாரத்தை உங்கள் கால்கள் சுமந்தால் இது பாதியாகும். இறக்கத்தில் இந்தச் சக்தி திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வகைச் சிறிய மோட்டார்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். தூரம் 30 கி.மீ., இடையில் மொத்தமாக 400 மீட்டர் ஏற்றம். கிலோமீட்டருக்கு 7 வாட்-ஹவர் என்றால் 210. ஏற்றத்துக்கு, பாதி நீங்கள் மிதிப்பதாகக் கொண்டால், சுமார் 75. மொத்தம் 285. உங்கள் பேட்டரி 360. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவைத்தால் கையில் இருப்பது 288. போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் திரும்பி வர முடியாது. அங்கே இரவு தங்கும் இடத்தில் சார்ஜ் போட வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ‘80 கி.மீ. வரை ஓடும்’ என்ற விளம்பர வரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியே இருக்காது. அந்த மாதிரி எண்கள் எடை குறைந்த ஓட்டுநர், சமதளம், மிகக் குறைந்த மோட்டார் உதவி என்ற நிலையில் வருபவை.

ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குவது ஏன்? பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு குறையும். குளிரில் இன்னும் குறையும். உறைநிலையை நெருங்கும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும். குளிர்ப் பகுதிகளில் இரவு பேட்டரியைக் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும், ஆபத்தும் கூட.

விமானத்தில் ஏறும் எண்ணம் இருந்தால்

விமான விதியை வண்டி வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்பட்டவர்கள் நிறைய. பயணிகள் விமானங்களில் 100 வாட்-ஹவர் வரையுள்ள லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். தனியாக எடுத்துச் செல்லும் பேட்டரி அதிகபட்சம் இரண்டு. 160-க்கு மேல் என்றால் கைப்பையிலும் முடியாது, சரக்கறைக்குப் போகும் பெட்டியிலும் முடியாது. சக்கர நாற்காலி போன்ற உதவிச் சாதனங்களுக்குத்தான் விலக்கு. சாதாரண மடக்கு மின்சைக்கிளின் 250, 360 வாட்-ஹவர் பேட்டரிகள் எல்லாம் இந்த வேலிக்கு வெளியே நிற்பவை.

இதற்கு இரண்டு வழி உண்டு. 160-க்குள் அடங்கும் சிறிய பேட்டரிகளை ஒன்றோ இரண்டோ பொருத்தும்படி வடிவமைத்த வண்டிகள் இருக்கின்றன. தூரம் குறையும், ஆனால் கூடவே வரும். அல்லது வண்டியை மட்டும் எடுத்துப்போய், போகும் ஊரில் பேட்டரி வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்க்கலாம். எல்லா மாடலுக்கும் அது நடக்காது. எந்த வழியானாலும் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொது விதியைவிட அவர்கள் இன்னும் இறுக்கமாகவும் இருக்கலாம். பேட்டரியின் மேல் வாட்-ஹவர் எண் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். தேய்ந்துபோன ஸ்டிக்கரை வைத்து வாசலில் வாதாட முடியாது.

காட்டு வழியில் சார்ஜ்

36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் கொடுக்கும். உள்ளே பத்துச் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் நிரம்பும்போது 4.2 வோல்ட். வண்டியோடு வருவது பொதுவாக 2 ஆம்பியர் சார்ஜர், அதாவது 84 வாட். 360 வாட்-ஹவர் நிரம்பச் சுமார் 5 மணி நேரம். மெதுவாகத் தோன்றும். ஆனால் தொலைவான இடங்களில் இந்த மெதுவான சார்ஜர்தான் நண்பன். சுவரிலிருந்து 100 வாட் அளவுதான் கேட்கும் என்பதால் சின்ன ஜெனரேட்டரோ, 150 வாட் இன்வெர்ட்டரோ, கார் மின்சாரமோ எதுவும் அதற்குப் போதும். வேக சார்ஜர் போட்டால் மற்றவர் வீட்டு விளக்கு அணையும் இடங்கள் உண்டு.

சூரியத் தகடு பற்றிப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். 100 வாட் மடக்குத் தகடு நல்ல வெயிலில் நடைமுறையில் 60, 70 வாட் தரும். ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் 325 வாட்-ஹவர் அளவு. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் நீங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், தகட்டின் 3 முதல் 5 கிலோ எடையைச் சுமக்க வேண்டும், பேட்டரிக்கேற்ற கட்டுப்பாட்டுக் கருவியும் தனியாக வேண்டும். ஒரே முகாமில் பல நாள் தங்குபவருக்கு இது சரி. தினமும் இடம் மாறுபவர் அதே எடைக்கு இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்துக்கொள்வது மேல்.

மோட்டாரும் மிதியும்

எடை குறைந்த வண்டிகளில் வருவது பெரும்பாலும் பல்சக்கரம் உள்ள சிறிய ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார். எடை 2 கிலோவை ஒட்டி இருக்கும். உள்ளே ஒரு கிளட்ச் இருப்பதால் மின்சாரம் நின்றதும் சக்கரம் தடையின்றிச் சுழலும். பல்சக்கரம் இல்லாத நேரடி மோட்டார் எடை கூடியது. மின்சாரம் நின்றால் அதன் காந்தங்கள் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பேட்டரி தீர்ந்த பிறகு அதை மிதிப்பது கடினம். மிதிக்க முடியுமா என்ற நம் முதல் கேள்விக்கு இங்கேயே பாதி பதில் கிடைத்துவிடுகிறது.

சின்னச் சக்கரம் மேடு ஏறாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஹப் மோட்டாரைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேரெதிர். 30 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை தரும் மோட்டார் 20 அங்குலச் சக்கரத்தில் வண்டியைச் சுமார் 120 நியூட்டன் விசையோடு தள்ளும். அதே மோட்டாரை 27.5 அங்குலச் சக்கரத்தில் போட்டால் 90-க்கும் கொஞ்சம் கீழே. சக்கரம் சிறுத்தால் தள்ளுவிசை கூடுகிறது. சின்னச் சக்கரம் தோற்கும் இடம் வேறு: குழிகள், கற்கள், மணல். அங்கே அது விழுந்து விழுந்து எழும், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மிதியை உணரும் சென்சாரில் இரண்டு வகை. ஒன்று மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். காலைச் சும்மா சுழற்றினாலே மோட்டார் முழு மூச்சில் ஓடும். இன்னொன்று நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து அதற்கேற்ப உதவும். பேட்டரியை மிச்சப்படுத்துவதில் இரண்டாவதுதான் கைகொடுக்கும். விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

கியர் அவசியம். ஒற்றைக் கியர் வண்டி எடை குறைவு, அழகும் கூட. ஆனால் மோட்டார் நின்றபின் ஒரு நீண்ட மேட்டில் அது உங்களைத் தள்ளிக்கொண்டு நடக்கவைக்கும். ஏழு கியராவது இருக்கட்டும். அப்புறம், போன் செயலி வழியாகத்தான் ஆன் ஆகும் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் இரும்பு.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் அந்தந்த நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரை மிதித்தால் மட்டும் உதவும் வண்டியே சைக்கிளாகக் கருதப்படும். அமெரிக்காவின் மத்திய விதியில் வரம்பு 750 வாட், மணிக்கு 32 கி.மீ. 250 வாட் வண்டியே அதிக இடங்களில் தொல்லையில்லாமல் போகும்.

பஞ்சர் ஆகும் நாள்

டயர் அளவைக் கவனிக்காமல் வாங்குபவர்கள் அதிகம். 20 அங்குலம் என்ற பெயரிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு அளவுகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் 47-406 என்பது போல ஓர் எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 20 அங்குலத்தில் 406, 451 என்று இரண்டு. 16 அங்குலத்தில் 305, 349 என்று இரண்டு. பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிள் நிறுவனத்தின் 16 அங்குல வண்டிகளில் வருவது 349. தூரப் பயணத்துக்கு 406-ஐத்தான் சொல்வேன். சிறுவர் சைக்கிள்களும் பி.எம்.எக்ஸ் சைக்கிள்களும் அந்த அளவில் ஓடுவதால் சின்ன ஊரிலும் டியூப் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

என் முதல் நீண்ட பயணத்தில் பின்சக்கரம் பஞ்சரானது ஒரு சரளைப் பாதையில். பையில் டியூப் இருந்தது, பம்பு இருந்தது, 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் இருந்தது. மோட்டார் அச்சின் நட்டோ 18 மில்லிமீட்டர். சாதாரணச் சைக்கிளுக்கான கருவிகளை அப்படியே எடுத்து வந்திருந்தேன். 9 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். தங்கும் இடத்தில் இன்னொரு பயணி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. டயரை ஒரு பக்கம் மட்டும் லீவரால் நெம்பி, டியூபைப் பிதுக்கி வெளியே எடுத்து, காற்றடித்து, கன்னத்தருகே வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் தடவி, உப்புத்தாள் தேய்த்து, பசை பூசி, அது காய்ந்து மங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து ஒட்டினார். டயரின் உள்பக்கத்தை விரலால் துழாவி ஒரு சின்னக் கம்பித் துண்டை எடுத்துக் காட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

டியூபையே மாற்ற வேண்டிய நேரத்தில் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மோட்டார் வயரின் இணைப்பை முதலில் பிரியுங்கள். இரு முனையிலும் உள்ள அம்புக்குறிகள் நேராக வருமாறு பிறகு மாட்ட வேண்டும். நட்டைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் கொக்கி போன்ற ஒரு வாஷர் இருக்கும். அது சட்டத்தின் துளையில் சரியாக உட்காராவிட்டால் மோட்டார் இழுக்கும்போது அச்சே சுழன்று வயரை அறுத்துவிடும். இந்த வேலையை வீட்டு முற்றத்தில் ஒருமுறை செய்து பழகிவிட்டுக் கிளம்புங்கள். முன்சக்கர மோட்டாரில் செயின் தொல்லை இல்லாததால் வேலை எளிது, ஆனால் செங்குத்தான சரளை மேட்டில் அது வழுக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் கம்பியால் இயங்கும் டிஸ்க் ஆகவோ சாதாரண ரிம் பிரேக்காகவோ இருக்கட்டும். எண்ணெய் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கசிந்தால் வழியில் சரிசெய்ய முடியாது. ஐ.பி.எக்ஸ்4 என்ற குறி மழைச் சாரலைத் தாங்கும் என்றுதான் பொருள், ஓடையில் மோட்டார் முங்கும்படி இறக்கலாம் என்றல்ல. மூட்டையை முன்பக்கச் சட்டத்தோடு இணைந்த தாங்கியில் வைத்தால் வண்டி நிதானமாகப் போகும். சீட்டுக்கு வெகு பின்னால் கட்டினால் மேட்டில் முன்சக்கரம் தூக்கும். பேட்டரியில் யு.எல். 2271 அல்லது வண்டியில் யு.எல். 2849, ஈ.என். 15194 போன்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ பிரித்துச் செல் மாற்றிக் கட்டிய பேட்டரியைக் குறைந்த விலைக்குத் தந்தாலும் வேண்டாம். கூடாரத்துக்குள் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

கடையில் அரை மணி நேரம்

வண்டியை நீங்களே மடக்குங்கள். விற்பவர் பத்து நொடியில் மடக்கிக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். விரித்த பிறகு முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நடுக்கீலிலோ ஹேண்டில் தண்டிலோ ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால், இறுக்கித் தரச் சொல்லுங்கள். இறுக்கியும் ஆடினால் அந்த வண்டி வேண்டாம். தாழ்ப்பாள் தற்செயலாகத் திறக்காதபடி இரண்டாவது பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் எடையும் மூட்டையும் சேர்ந்து அந்த வண்டியின் சுமை வரம்புக்குள் வருகிறதா என்று கேளுங்கள். பல மடக்கு வண்டிகளுக்கு வரம்பு 100 முதல் 120 கிலோ.

பிறகு மடக்கிய வண்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்குங்கள். கடைசியாக, விரித்து, பேட்டரியைக் கழற்றிக் கடைக்காரர் மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உள்ள ஒரு மேட்டில் ஒரு கிலோமீட்டர் மிதித்து வாருங்கள். திரும்பி வந்து இறங்கும்போது இன்னொரு கிலோமீட்டர் போயிருக்கலாமே என்று தோன்றினால் அந்த வண்டியை வாங்குங்கள்.